சூரிய விளக்குத் தொண்டு நிறுவனத்துக்கு மாதந்தோறும் நன்கொடை: எதைக் கேட்டறிந்த பின் கொடுப்பது?

மாலைவெளிச்சம் எழுதியது:

வணக்கம். மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய விளக்கு கொண்டுசேர்க்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு இந்த ஆண்டு முதல் மாதந்தோறும் ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்று நானும் என் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். தொகை பெரியதன்று. ஆனால் ஒரு முறை கொடுத்துவிட்டு மறந்துவிடும் தொகையாக அது இருக்கக் கூடாது, சில ஆண்டுகளாவது தொடர வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்.

மின்சாரம் இல்லாமல் வாழும் மக்கள் 2010இல் 110 கோடிக்கு மேல் இருந்தார்கள். 2023இல் அது ஏறத்தாழ 66.6 கோடியாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது மகிழ்ச்சிதான். ஆனால் எஞ்சியிருப்பவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே புதிய இணைப்பு கொடுக்கும் வேகத்தை மக்கள்தொகை பெருகும் வேகம் ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. 2030க்குள் அனைவருக்கும் மின்சாரம் என்று ஐக்கிய நாடுகள் அவை 2015இல் வகுத்த இலக்கு இதே வேகத்தில் போனால் கைகூடாது. அந்த இலக்கு வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கப் போகும் வீடுகளை நினைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

இரண்டு நிறுவனங்களின் மடல்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, இவ்வளவு கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு விளக்கு என்று நேராகச் சொல்கிறது. மற்றொன்று, முகவர்களுக்குப் பயிற்சி, பழுதுநீக்கும் மையம், கணக்கெடுப்பு என்று நீளமாக எழுதியிருக்கிறது. என் பணம் எந்த வீட்டில் எரியும் என்று அதைப் படித்து அறிய முடியவில்லை. மனம் முதலாவதன் பக்கம் சாய்கிறது. இத்துறையை அறிந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பணிநிறைவு ஆசிரியை எழுதியது:

உங்கள் கேள்விக்குத் தொழில்நுட்ப விடை என்னிடம் இல்லை. ஆனால் விளக்கு இல்லாத வீடு எப்படியிருக்கும் என்பதை நான் அறிவேன். எட்டாம் வகுப்பு முடியும் வரை மண்ணெண்ணெய்த் திரி விளக்கில்தான் படித்தேன். சிம்னி வைத்த விளக்குகூட அன்று. மூடியில் துளையிட்டுத் திரி செருகிய ஒரு சிறு தகரக் குப்பி.

அதன் வெளிச்சம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் அகலத்துக்குத்தான் வரும். விளக்கை இடப்பக்கம் வைத்தால் எழுத முடியும். வலப்பக்கம் வைத்தால் எழுதுகிற கையின் நிழல் எழுதுகிற வரியின் மேலேயே விழும். என் தம்பி இடக்கையால் எழுதுபவன். எனக்கு ஏற்ற பக்கம் அவனுக்கு ஏற்காது, அவனுக்கு ஏற்ற பக்கம் எனக்கு ஏற்காது. ஆகவே ஒருவர் எழுதும்போது மற்றவர் வாய்விட்டுப் படிப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். எழுத்து தெரியவில்லை என்று குனியக் குனிய முன்நெற்றி முடி பொசுங்கும். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். அதை நாங்கள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை; எல்லார் மூக்கிலும் அப்படித்தான் வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

பிற்காலத்தில்தான் அந்தக் கரியின் கணக்கைப் படித்தேன். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இத்தகைய எளிய திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு வரை கரும்புகைத் துகளாகவே வெளியேறுகிறது. சமையல் அடுப்பின் விறகுப் புகையைப் பற்றி ஊரெல்லாம் பேசும். முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் படிக்கிற விளக்கின் புகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீக்காயமும் அப்படித்தான். குடிநீர்க் குப்பியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்ட துயரமும் அப்படித்தான். இவை எந்த நாட்டிலும் இவ்விளக்குகள் உள்ள வீடுகளில் இன்றும் நடப்பவை.

நீங்கள் எந்த நிறுவனத்தைத் தேர்ந்தாலும் கொடுங்கள். தயங்கித் தயங்கி ஆண்டுகளைக் கடத்திவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொதுமின் எழுதியது:

அம்மாவின் பதிவைப் படித்த பின் மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

விளக்கு வேறு, மின்சாரம் வேறு. ஒரு வீட்டுக்கு மின்வசதி இருக்கிறதா இல்லையா என்று ஆம், இல்லை என்று மட்டும் சொல்லாமல் படிநிலைகளாக அளக்க வேண்டும் என்று உலக வங்கியின் குழு 2015இல் ஓர் அளவுகோலை முன்வைத்தது. அதன் முதற்படியே விளக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றமும்தான். மின்விசிறி, குளிர்பெட்டி, மாவரைக்கும் எந்திரம், நீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் அதற்கு மேலே உள்ள படிகள். ஒற்றை விளக்கு அந்த முதற்படியைக்கூட முழுமையாக எட்டுவதில்லை. ஒரு குடும்பத்தின் வருமானத்தை மாற்றுவது மோட்டார் ஓடும் மின்சாரம். மாலையில் நான்கு மணி நேர வெளிச்சம் அதைச் செய்யாது.

இன்னொரு கவலையும் உண்டு. விளக்கு கொடுத்தாயிற்று என்றால் அந்தக் கிராமம் வெளிச்சம் பெற்ற கிராமம் என்று பட்டியலில் ஏறிவிடும். கம்பி இழுக்க வேண்டிய அரசு, அதைக் காரணம் காட்டி அடுத்த ஐந்தாண்டுக்குத் தள்ளிப்போடும். தொண்டு என்பது உரிமையின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. உங்கள் பணத்தை மின்கட்டமைப்புக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகளுக்குக் கொடுப்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பற்றாசு எழுதியது:

நான் மின்னணுப் பழுது பார்ப்பவன். ஒரு தொண்டுக் குழுவோடு சேர்ந்து, எரியாமல் திரும்பி வந்த சூரிய விளக்குகளை ஓராண்டுக்கும் மேலாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது ஏன் வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2 வாட் சூரியத் தகடு ஒன்றை நல்ல வெயிலில் வைத்தால், ஒரு நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் இடத்தில், 10 வாட்-மணி மின்னாற்றல் வரும். தூசி, சூடு, மின்னேற்ற இழப்பு என்று மூன்றில் ஒரு பங்கு போனாலும் 6 வாட்-மணிக்குக் குறையாது. 1 வாட் எல்இடி ஏறத்தாழ 100 லூமன் ஒளி தரும் (லூமன் என்பது ஒளியை அளக்கும் அலகு). ஆக, 100 லூமன் வெளிச்சம் 6 மணி நேரம் கிடைக்கிறது. அம்மா சொன்ன தகரக் குப்பி விளக்கின் ஒளி சுமார் 10 லூமன்தான். பழைய குண்டு பல்பை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் அது நிற்காது. அதே ஒளிக்குப் பல மடங்கு பெரிய தகடும் பேட்டரியும் வேண்டியிருக்கும். வெள்ளை எல்இடி வந்த பிறகுதான், கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பொருளுக்குள் இது அடங்கியது. 1997இல் நேபாள மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்த கனடாப் பேராசிரியர் டேவ் இர்வின்-ஹாலிடே, இருண்டு கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டு, எல்இடியால் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஒளி தர முடியுமா என்று ஆராயத் தொடங்கினார். அவருடைய ‘லைட் அப் த வேர்ல்ட்’ அமைப்பு அதிலிருந்து பிறந்ததுதான். வெள்ளை ஒளிக்கு அடிப்படையான நீல எல்இடியை உருவாக்கிய மூன்று அறிவியலாளர்களுக்கு 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி, ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பது. திரும்பி வந்த விளக்குகளில் எல்இடி பழுதானதை நான் அரிதாகவே கண்டேன். தகடும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. போனது பேட்டரி, இல்லையென்றால் தகட்டிலிருந்து வரும் கம்பி விளக்கில் செருகப்படும் இடம், இல்லையென்றால் சுவிட்ச். ஒரு விளக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. உறையைத் திறந்தால் பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு ஏறி, கம்பி இற்றுத் தனியே தொங்கியது. களிம்பைச் சுரண்டி, புதிய கம்பியைப் பற்றவைத்து, பேட்டரியை மாற்றினேன். பத்து நிமிட வேலை. அந்த விளக்கின் மேலுறையில் யாரோ ஊசியால் ஒரு பெயரைக் கீறி, அதன் கீழே பூ ஒன்றும் வரைந்திருந்தார்கள். அவ்வளவு ஆசையாக வைத்திருந்த பொருள், பத்து நிமிட வேலை தெரிந்த ஒருவர் அருகில் இல்லாததால் குப்பைக்குப் போக இருந்தது.

அதைவிட வருந்தத் தக்கவை, திறக்கவே முடியாத விளக்குகள். இரண்டு பாதிகளையும் பசையால் ஒட்டிவிடுவார்கள், அல்லது வழக்கமான திருப்புளி பொருந்தாத திருகைப் போடுவார்கள். அவற்றை உடைத்துத்தான் திறக்க வேண்டும். உடைத்தால் மீண்டும் மூட முடியாது. சில பெட்டிகள் கிடங்கிலேயே நெடுநாள் கிடந்து, பேட்டரி தானாக வடிந்து, வீட்டுக்குப் போகும் முன்பே செத்திருந்தன. அவையும் ‘வழங்கப்பட்டவை’ என்ற கணக்கில்தான் இருந்தன.

ஆகவே நண்பரே, ஒரு தொகைக்கு ஒரு விளக்கு என்று சொல்லும் மடலை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். எத்தனை விளக்கு கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை எரிகின்றன என்று கேளுங்கள்.

நெடுவழி எழுதியது:

பற்றாசு அவர்களின் கடைசி வரியை ஏற்கிறேன். விளக்கு எரிந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நன்கொடை கேட்கும் மடல்களில் வரும் வாக்குறுதிகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ருவாண்டாவில் குலுக்கல் முறையில் சில குடும்பங்களைத் தேர்ந்து சிறிய சூரியக் கருவிகளை இலவசமாகக் கொடுத்து, கொடுக்கப்படாத குடும்பங்களோடு ஒப்பிட்டார்கள். மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது, வீட்டுக்குள் புகை குறைந்தது, குழந்தைகளின் படிப்பு நேரத்தில் ஒரு பகுதி மாலைக்கு நகர்ந்தது. இவை உறுதியான பயன்கள். ஆனால் மதிப்பெண் என்று வரும்போது படம் மாறுகிறது. வங்கதேசத்தில் மாணவர்களுக்கு விளக்கு கொடுத்துப் பார்த்த ஆய்வில், தொடக்கத்தில் படிக்கும் நேரம் கூடியது. தேர்வு முடிவுகள் உயரவில்லை. உகாண்டாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் விளக்கு பெற்ற மாணவர்களின் மதிப்பெண் சற்றுக் குறைந்தே இருந்தது. போதிய மின்னேற்றம் இல்லாமல் ஒளி நடுங்கியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினார்.

இதில் வியப்பில்லை. மதிப்பெண்ணுக்கு ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும், நிறைந்த வயிறு வேண்டும். விளக்கு அவற்றின் இடத்தை நிரப்பாது. விளக்கு கொடுத்தால் குழந்தை முதல் வகுப்பில் தேறும் என்று எழுதும் நிறுவனம் தன்னால் காட்ட முடியாத ஒன்றை விற்கிறது. புகை குறையும், எண்ணெய்ச் செலவு குறையும், இரவில் பிரசவம் பார்ப்பவருக்கும் பாம்பை அஞ்சி நடப்பவருக்கும் கைவிளக்காகும் என்று அடக்கமாகச் சொல்லும் நிறுவனத்தை நான் நம்புவேன்.

பணிநிறைவு ஆசிரியை எழுதியது:

நெடுவழி சொல்வது ஓர் ஆசிரியையாக எனக்குப் புரிகிறது. ஆனால் மதிப்பெண் கூடவில்லை என்பதால் அந்த மாலை வேளைகள் வீண் என்று ஆகிவிடாது. என் தம்பி இடக்கைக்காரன் என்று சொன்னேன். அவனுக்கென்று தனியாக ஒரு விளக்கு இருந்திருந்தால் அவன் மதிப்பெண் கூடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவன் எனக்காகக் காத்திருந்திருக்க மாட்டான்.

மாலைவெளிச்சம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக நானும் மனைவியும் இவற்றைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பற்றாசு ஐயா சொன்ன பூ வரைந்த விளக்கைப் படித்துவிட்டு அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்னொரு ஐயம். முதல் நிறுவனம் விளக்கை இலவசமாகக் கொடுக்கிறது. இரண்டாவது, மலிவான விலைக்குத் தவணையில் விற்கிறது. ஏழைக் குடும்பத்திடம் பணம் வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு நான் ஏன் நன்கொடை தர வேண்டும் என்ற கேள்வி எனக்குள் எழுகிறது. இலவசமாகக் கிடைத்ததை மக்கள் மதிக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள், அது உண்மையா?

தணிக்கையாளன் எழுதியது:

உண்மை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. கென்யாவில் கொசுவலைகளை வைத்து நடந்த, 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதை நேரடியாகவே சோதித்தது. இலவசமாக வலை பெற்றவர்கள், விலை கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாக அதைப் பயன்படுத்தவில்லை. சிறு விலை வைத்த உடனேயே வாங்குவோர் எண்ணிக்கைதான் பெரிதும் சரிந்தது. கொசுவலையும் விளக்கும் ஒன்றல்ல. ஆனால் ஏழைகள் இலவசப் பொருளை வீணாக்குவார்கள் என்ற பேச்சை நான் அந்த ஆய்வுக்குப் பிறகு சொல்வதில்லை.

விலை வைப்பதற்கு ஆதரவான வலுவான காரணம் வேறு. விற்பவருக்கு மீண்டும் அந்த வீட்டுக்குப் போக வேண்டிய தேவை இருக்கிறது. தவணை வாங்கப் போகும்போது விளக்கு எரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். எரியவில்லை என்றால் தவணை வராது. இலவசமாகக் கொடுத்தவர் திரும்பிப் போகாமல் இருக்கலாம், அவரைக் கேட்பார் யாரும் இல்லை. மேலும், ஒரு வட்டாரத்தில் இலவச விளக்குகள் வண்டி வண்டியாக வந்து இறங்கினால், அங்கே விளக்கு விற்று, பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த சிறு வணிகர் கடையை மூடிவிடுவார். இலவச விளக்கு பழுதாகும் நாளில் அவரும் அங்கே இருக்க மாட்டார்.

கணக்கைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் வைத்து நிறுவனங்களை எடை போடாதீர்கள். திரும்பிப் போய்ப் பார்க்கும் ஊழியரின் சம்பளமும், மாற்றுப் பேட்டரி இருப்பும், கணக்கெடுப்பும் பல அறிக்கைகளில் அந்தத் தலைப்பின் கீழேதான் வருகின்றன. அதைச் சுருக்கிக் காட்டும் நிறுவனம், சில வேளைகளில், திரும்பிப் பார்ப்பதையே சுருக்கியிருக்கும். இன்னொன்று: சில விளக்குத் திட்டங்கள் மண்ணெண்ணெய் மிச்சமானதைக் கார்பன் வரவாக, அதாவது கரியமில வாயு வெளியேற்றம் குறைந்ததற்கான சான்றாக, விற்றும் பணம் பெறுகின்றன. அது தவறன்று. ஆனால் அந்த வருவாய் எங்கே போகிறது என்பது அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும்.

பற்றாசு எழுதியது:

தணிக்கையாளன் சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு வங்கதேசம். அங்கே 2003இல் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் தொடங்கிய திட்டத்தில், கிராமீன் சக்தி முதலான பல அமைப்புகள் வீட்டுச் சூரிய அமைப்புகளைத் தவணையில் விற்றன. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அவை பொருத்தப்பட்டன. தவணை வசூலிக்க வருபவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போவார் என்பதுதான் அதன் உயிர்நாடி. பின்னர் மின்கம்பி கிராமங்களுக்கு விரைவாக வந்து சேர்ந்தது. சந்தையில் மலிவுப் பொருட்களும், அரசின் இலவச அமைப்புகளும் பெருகின. தவணை கட்டுவோர் குறைந்தார்கள், கடன் கொடுத்த அமைப்புகள் தவித்தன. கம்பி வந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பொதுமின் அவர்களின் கவலைக்கும் இதில் ஒரு விடை இருக்கிறது: நாற்பது லட்சம் வீடுகளில் சூரியத் தகடு இருந்தது அங்கே கம்பி வருவதைத் தடுத்துவிடவில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 2006இல் தொடங்கப்பட்ட சோலார்எய்ட், நெடுங்காலம் தலைமை ஆசிரியர்கள் வாயிலாக விளக்குகளை விற்றுவந்தது. பெற்றோர்கள் அறிந்த, நம்பிய ஆள் அவர்தான் என்பதால் அந்த வழி. பிறகு மலாவியில், விளக்கைக் குடும்பத்துக்கு விற்காமல், வெளிச்சத்துக்கு மட்டும் சிறு தொகை பெற்றுக்கொள்ளும் முறையைச் சோதித்தது. வீட்டில் விளக்குகளைப் பொருத்துவதும், பழுதானால் மாற்றுவதும் அமைப்பின் பொறுப்பு. வாங்கும் வசதியே இல்லாத வீட்டுக்கும் இதில் இடம் இருக்கிறது. விளக்கு எரியாவிட்டால் இழப்பு கொடுத்தவருக்குத்தான். உங்கள் மனத்தில் எழுந்த கேள்விக்கு இதுவே எனக்குப் பிடித்த விடை.

பழுதுநீக்கும் கை உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு ராஜஸ்தானின் திலோனியாவில் உள்ள பேர்ஃபுட் கல்லூரியைச் சொல்வேன். பங்கர் ராய் 1972இல் தொடங்கிய நிறுவனம் அது. எழுதப் படிக்கத் தெரியாத, நடுத்தர வயது கடந்த பெண்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்து, ஆறு மாதங்களில் சூரிய மின் பழுதுநீக்குநர்களாக்கித் திருப்பி அனுப்பினார்கள். பொது மொழி கிடையாது. வண்ணங்களையும் சைகைகளையும் வைத்தே கற்பித்தார்கள். இளைஞர்களுக்குக் கற்பித்தால் சான்றிதழோடு நகரத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டிமார் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள் என்பது அவர்களின் கணிப்பு. பற்றவைக்கும் கருவியை முதன்முதலாகக் கையில் பிடிப்பவருக்கு எவ்வளவு நடுக்கம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். சில நூறு இணைப்புகளுக்குப் பிறகு அந்த நடுக்கம் போய்விடும் என்பதும் தெரியும்.

பொதுமின் எழுதியது:

வங்கதேச எடுத்துக்காட்டை ஏற்றுக்கொள்கிறேன். விளக்கு கம்பியைத் தடுக்கும் என்று நான் பொதுவாகச் சொன்னது மிகை. ஆனால் ஒரே விளக்கை முழுத் தீர்வு என்று காட்டும் விளம்பரம் மீதான என் மறுப்பு அப்படியே நிற்கிறது. மாலைவெளிச்சம் அவர்கள் நிறுவனத்துக்கு எழுதும்போது, முதற்படிக்குப் பிறகு அந்தக் குடும்பம் மேலே ஏற வழி வைத்திருக்கிறீர்களா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாலைவெளிச்சம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரு நிறுவனங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம். மூன்றாம் ஆண்டில் எத்தனை விளக்குகள் எரிகின்றன, பழுதானால் குடும்பம் யாரிடம் போகும், பேட்டரியை மாற்ற முடியுமா, செத்த பேட்டரி எங்கே போகிறது, கம்பி வந்தால் என்ன ஏற்பாடு, அடுத்த படிக்கு ஏற வழி உண்டா என்று கேட்டிருந்தோம்.

முதல் நிறுவனத்திடமிருந்து மறுநாளே பதில் வந்தது. நன்றி கூறி, இதுவரை வழங்கிய விளக்குகளின் மொத்த எண்ணிக்கையையும், சிரிக்கும் குழந்தை ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தார்கள். கேட்ட எதற்கும் விடை இல்லை. மீண்டும் எழுதினோம், அதே மடல் மீண்டும் வந்தது.

இரண்டாவது நிறுவனத்தின் பதில் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. மூன்றாம் ஆண்டுக் கணக்கு தங்களிடம் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். முதலாண்டு முடிவில் மட்டும், தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறார்களாம். எரியாத விளக்குகளின் பட்டியலைக் காரணத்தோடு இணைத்திருந்தார்கள். பற்றாசு ஐயா சொன்ன அதே மூன்று காரணங்கள் அதில் இருந்தன. செத்த பேட்டரிகளை முகவர்கள் திரும்பப் பெற்றுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மறுசுழற்சிக்கு அனுப்பும் வழி ஒரு வட்டாரத்தில் மட்டும்தான் இதுவரை அமைந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். விளக்குக்குத் தவணை கட்டி முடித்த குடும்பம் அடுத்து நான்கு விளக்கும் மின்னேற்றியும் உள்ள பெரிய அமைப்பைத் தவணையில் எடுக்க முடியும். கம்பி வந்தால் மீதித் தவணையைத் தள்ளுபடி செய்துவிட்டு அமைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தவுடன் என் மனைவி, இவர்களுக்கே கொடுப்போம் என்றாள். எரியாத விளக்கின் பட்டியலைக் காட்டும் ஆளிடம்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அவள் வாதம். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. விளக்கு வாங்க மட்டும் என்று குறிப்பிடாமல், எதற்கு வேண்டுமோ அதற்குச் செலவிடும்படி பொது நிதிக்கே அனுப்புகிறோம். மூன்றாம் ஆண்டு வீடுகளைப் போய்ப் பார்க்க இந்தப் பணம் உதவினால் மகிழ்வோம் என்று ஒரு வரி மட்டும் எழுதினோம். பன்னிரண்டு மாதம் கழித்து இதே கேள்விகளை மறுபடியும் கேட்போம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

பற்றாசு எழுதியது:

நெஞ்சு நிறைந்தது. ஒரே ஒரு சிறு கேள்வி. விளக்கில் எந்த வகைப் பேட்டரி என்று எழுதியிருந்தார்களா? பழைய ஈய-அமில வகை என்றால், முழுவதும் வடியவிட்டால் விரைவில் கெட்டுவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் ஆயிரம், இரண்டாயிரம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். நாள்தோறும் பயன்படுத்தினாலும் மூன்றாம் ஆண்டைத் தாண்டும். உலக வங்கிக் குழுமத்தின் திட்டத்தில் உருவாகி, 2020 முதல் வெராசோல் என்ற பெயரில் நடக்கும் தரச் சோதனையில் அந்த விளக்கு தேறியதா என்பதையும் பாருங்கள். தேறியிருந்தால் விளம்பரப்படுத்திய ஒளி, எரியும் நேரம், உத்தரவாதம் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

மாலைவெளிச்சம் எழுதியது:

இப்போதுதான் மடலை எடுத்துப் பார்த்தேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட், 3.2 வோல்ட். தரச் சோதனையில் தேறியது என்றும் குறிப்பு இருக்கிறது. உறையில் நான்கு சாதாரணத் திருகுகள்.